நீலாவதியின் ஊக்கத்தைக் குறைத்த கதை

கல்யாணமான நாளிலிருந்து புவனேஸ்வரன் தன் மனைவியிடம் வாயால் பேசி ஜெயித்ததே இல்லை. இனிமேல் வாயை நம்புவதில்லை, மூளையை நம்புவது என்று ஒரு புதன்கிழமை மாலை முடிவெடுத்தார். அந்த மூளை, போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு அன்றுதான் வீடு திரும்பியிருந்தது.

ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவர் மண்டோர். குலை வெட்டும் ஆட்களை மேய்க்கிற வேலை. வருகிற ஆட்கள் கொஞ்ச நாள் இருப்பார்கள், அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். ஏன் போகிறார்கள் என்று யோசித்த கம்பெனி, சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாக் காரணத்தையும் ஆராய்ந்து, மண்டோர்களுக்கு மனவியல் தெரியாததுதான் குறை என்று கண்டுபிடித்தது. உடனே எல்லாரையும் வேனில் ஏற்றி ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டது.

பாடம் நடத்தியவர் எலெய்ன் என்ற பெண்மணி. மனிதனுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது, உணர்ச்சி எப்படி உண்டாகிறது, மன அழுத்தம் ஆளை என்ன செய்யும் என்று அழகாகத்தான் சொன்னார். புவனேஸ்வரனும் பாதிப் பாடத்தை அழகாகத்தான் கேட்டார். மீதிப் பாதி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. ஹோட்டல் பிரியாணி. அவர் ஊக்கம், ஊக்கம் என்று சொல்லச் சொல்ல இவருக்குத் தூக்கம், தூக்கமாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆம்புரோஸ் முழங்கையால் இடித்தபோதெல்லாம் கண்ணைத் திறந்தார். காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தால், நீலாவதி நிலைக்கண்ணாடி முன்னால் நின்று கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நீலா, கண் வலியா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நாளையிலேருந்து காடி ஓட்டப் பழகப் போறேன். வெயிலு கூசும்லா, அதான்."

"யாரு காடிய?"

"பழகுறது டிரைவிங் ஸ்கூல் டோரின் டீச்சர் காடியில. பழகுனப்புறம் நம்ம காடியில."

நம்ம காடி என்றதும் புவனேஸ்வரன் ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார். வாசலில் நிற்கும் அந்த வெள்ளைக் காரை ஞாயிறு தவறாமல் குளிப்பாட்டுகிறவர் அவர். துடைக்கிற துணியைத் துவைக்கவே தனி வாளி உண்டு.

"யாரக் கேட்டுப் பேர் குடுத்த?"

"உங்களக் கேக்கத்தான் ஃபோன் போட்டேன். எடுக்கல."

"கோர்ஸ்ல இருந்தேன்லா!"

"போன மாசமும் எடுக்கல. அப்ப எந்தக் கோர்ஸ்?"

போன மாதம் அவர் இருந்தது ஆற்றோரத்தில், தூண்டிலோடு. ஃபோன் இருந்தது காரில், சீட்டுக்கு அடியில். அன்றைக்குத்தான் லுக்குட்டில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல் மாடியில் தனியாக இருக்கும் நீலாவதியின் அக்கா குமுதவல்லி, குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். தோட்டத்துக்குள் பஸ் வராது. நீலாவதி கொதிக்கிற வெயிலில் செம்மண் சாலையில் நடந்து, பெரிய ரோட்டுக்கு வந்து, சிரம்பான் போய், அங்கே வேறு பஸ் ஏறி லுக்குட் சேர்ந்தபோது, பட்டறைப் பையன்கள் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுத் திரும்பியே வந்துவிட்டார்கள். "இப்பதான் வர்றியா?" என்று அக்கா கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் நீலாவதிக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம், "என்னாங்க, அக்காவப் பாத்துட்டு வந்துரலாமா?" என்று அவள் கேட்காத வாரம் இல்லை. "அடுத்த வாரம்" என்று அவர் சொல்லாத வாரமும் இல்லை.

அவர் கெட்டவர் அல்லர். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மகள் தனலெட்சுமி கல்யாணம் கட்டிக்கொண்டு பாரோய்க்குப் போன பிறகு, அந்த வீட்டில் அவரைக் கேட்டு நடக்கிற காரியம் அது ஒன்றுதான். கோயிலோ, பசாரோ, அக்கா வீடோ, நீலாவதி வாசலில் வந்து நின்று, "என்னாங்க, கொஞ்சம் போயிட்டு வரலாமா?" என்று கேட்க வேண்டும். அவர் பேப்பரை மடித்து, கொஞ்சம் யோசித்து, "சரி, பாப்போம்" என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் அவர் நாள் முழுக்க மண்டோர். வீட்டில் அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான் மண்டோர். அவளுக்கு லைசென் கிடைத்துவிட்டால் அந்த நிமிஷமும் போச்சு.

பழைய புவனேஸ்வரனாக இருந்தால் கத்தியிருப்பார், தோற்றிருப்பார். புதிய புவனேஸ்வரன் சிரித்தார்.

"நல்ல விஷயம் நீலா. போய்ப் பழகு."

நீலாவதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

மறுநாள் ஆபீஸில் ஆம்புரோஸிடம் திட்டத்தைச் சொன்னார்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க? ஒரு ஆளு ஆசப்பட்டுச் செய்ற வேலைக்குப் பரிசு குடுத்துக் குடுத்துப் பழக்கிட்டா, அப்புறம் பரிசுக்காகத்தான் செய்வாங்க. திடீர்னு பரிச நிறுத்துனா ஆசையும் நின்னுடும். சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க அண்ணே. ஆனா அதுக்கு மேல ஒண்ணு சொன்னாங்களே. நீங்க அப்பக் கொறட்ட விட்டுக்கிட்டு இருந்தீங்க."

"மேல சொன்னது மேலயே இருக்கட்டும். எனக்குக் கீழ சொன்னது போதும்."

பரிசுப் படலம் அன்றே ஆரம்பித்தது. நீலாவதி வகுப்பு முடிந்து வந்தால் மேசையில் சுடச்சுட சாத்தே, குச்சியில் குத்திச் சுட்ட கோழி இறைச்சி. மறுமுறை லட்டு. அதற்கடுத்து, சிரம்பானிலிருந்து சொல்லி வரவழைத்த ஜாங்கிரி.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நீ கஷ்டப்பட்டுக் கத்துக்கிறேல்ல? அதுக்குத்தான்."

"பரவால்லியே! கோர்ஸுக்குப் போயிட்டு வந்து ஆளே மாறிட்டீங்க."

ஒரே ஒரு சின்னச் சிக்கல். வகுப்பு சாயங்காலம். அவள் வீடு திரும்பும்போது இருட்டுகிற நேரம். பரிசு மேசைக்கு வந்துவிடும், சாப்பாடு வராது. முதல் நாள் பசி தாங்காமல் புவனேஸ்வரன் தானே ஒரு டின் சார்டினைத் திறந்து, வெங்காயத்தை வெட்டி, கொஞ்சம் கையையும் வெட்டி, மிளகாய் அரைத்துக் காரமாக ஒரு சம்பால் வைத்தார். நீலாவதி ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"இத நீங்களா வச்சீங்க?"

"ஏன், நல்லா இல்லியா?"

"கடையில வாங்குனீங்கன்னு நெனச்சேன்லா!"

அடுத்த முறை அவர் புளியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். அதற்கடுத்த முறை ரெம்பாவ் பசாருக்குப் போய் சம்பாலுக்கு மணம் கொடுக்கும் இறால் விழுது, நல்ல பெலாச்சானாகத் தேடி வாங்கி வந்தார். நீலாவதி சில நாள் "ஆகா" என்பாள். சில நாள் ஒன்றுமே சொல்ல மாட்டாள். ஒன்றுமே சொல்லாத நாளுக்கு மறுநாள் அவர் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகவே அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார். கத்திரிக்காய்ச் சம்பால், நெத்திலிச் சம்பால் என்று குடும்பம் பெருகிக்கொண்டே போனது. ஒருநாள் சம்பாலைப் படமெடுத்து ஆம்புரோஸுக்கு அனுப்பினார். தான் எதற்காகச் சமைக்க ஆரம்பித்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நினைவு வந்த அன்றைக்குப் பரிசை நிறுத்தினார். மேசை காலி. கதவோரம் நின்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"இன்னிக்குப் பரிசு ஒண்ணும் கெடையாது."

"அப்பாடா!" என்றாள் நீலாவதி. "தின்னு தின்னு சீட்டு பெல்ட்டே பத்தல. நானே சொல்லணும்னு இருந்தேன். சம்பால் இருக்குல்ல?"

"இருக்கு."

"அது போதும். ஏங்க, இன்னிக்கு நான் ரிவர்ஸ் எடுத்தேன்! ஒரே மூச்சில! டீச்சர் கை தட்டுனாங்க!"

ஊக்கம் குறையவில்லை. புவனேஸ்வரனுக்குத்தான் குறைந்தது. இருந்தாலும் அவர் கையில் இரண்டாவது அஸ்திரம் இருந்தது. மன அழுத்தம்.

எலெய்ன் பலகையில் ஒரு படம் போட்டிருந்தார். குடையை விரித்து வைத்த மாதிரி ஒரு கோடு. அழுத்தமே இல்லாத ஆள் சோம்பிக் கிடப்பான். அழுத்தம் ஏற ஏற வேலை நன்றாக நடக்கும். ஒரு எல்லைக்கு மேல் போனால் ஆள் தடுமாறி விழுந்துவிடுவான். இதில் புவனேஸ்வரனுக்கு வேண்டியிருந்தது விழுகிற பக்கம். குடையின் உச்சி எந்த இடத்தில் என்று எலெய்ன் விளக்கியபோதுதான் அவர் கண் மூடியிருந்தது.

"நீலா! முன்னால மாடு! என்ன செய்வ?"

அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நீலாவதி துள்ளி எழுந்தாள். வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"பிரேக்கு!"

"பின்னால லோரி!"

"கண்ணாடி பாப்பேன்!"

"லோரி ஹாரன் அடிக்கிறான்!"

"அடிக்கட்டும். சிக்னல் போட்டு ஓரமா ஒதுங்குவேன்."

"மழ! கண்ணே தெரியல!"

"லைட்டப் போடுவேன், வேகத்தக் கொறைப்பேன். கீரய என்ன செய்யட்டும், பொரியலா கூட்டா?"

அவர் விடவில்லை. துணி காயப்போடும்போது மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. சாமி கும்பிடும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "டயர் வெடிச்சிருச்சு!" என்று கத்தினார். உள்ளேயிருந்து, "ஸ்டேரிங்க இறுக்கிப் புடிப்பேன்!" என்று பதில் வந்தது. காடியே இல்லாமல் நீலாவதி வீட்டுக்குள் எத்தனையோ மைல் ஓட்டிவிட்டாள். குலை வெட்டுகிறவர்களை அதட்டி அதட்டி உரமேறிய தொண்டை அவருக்கு. அதுவே கட்டிக்கொண்டது.

ஒருநாள் டோரின் டீச்சரே ஃபோன் செய்தார்.

"மண்டோர் அண்ணே, வீட்டுல நீங்க டிரைனிங் குடுக்கிறீங்களாமே! எங்கிட்டப் பழகுறவங்கள்ல நீலாக்காதான் நம்பர் ஒன்னு. நான் வாயத் தெறக்கிறதுக்குள்ள கால் பிரேக்குல இருக்கு. தோட்டத்து வேல முடிஞ்சா எங்கிட்ட வந்துருங்கலா, சேந்து வேல செய்யலாம்."

அவர் மன அழுத்தம் கொடுத்தார். அவள் பிரேக்கை அழுத்தினாள். அந்த வாரம் கிளினிக்கில் பார்த்தபோது ஏறியிருந்தது அவருடைய பிரஷர்.

மிச்சம் இருந்தது உணர்ச்சி. டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், வாசல் படியில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"நாளைக்கு டெஸ்ட நெனச்சா நெஞ்சு படபடங்குதா?"

"ஆமாங்க. காலையிலேருந்து ஒரே படபடப்பு."

"உள்ளங்கை வேர்க்குதா?"

"வேர்க்குது."

அவருக்கு உற்சாகம் பொங்கியது. "அதுதான் பயம்! ஒடம்பு முன்னாலயே சொல்லிரும், நாமதான் புரிஞ்சிக்கணும். வேணாம்னா சொல்லிரு நீலா, வெக்கப்படாத. டீச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நீலாவதி குவளையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"இதே படபடப்பு எனக்கு முன்னால ஒருவாட்டி வந்திருக்குங்க. இதே வேர்வ. நம்ம கல்யாணத்தன்னிக்கு, நீங்க தாலி கட்டக் குனிஞ்சப்ப."

"ம்..."

"நான் அத சந்தோஷம்னுல நெனச்சேன்! பயம்னு நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பேன்."

"அது... அது சந்தோஷம்தான்லா!"

"அப்ப இதுவும் சந்தோஷம்தான்." அவள் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். "படபடப்பு ஒண்ணுதாங்க. நாமதான் பேர் வைக்கணும்."

மறுநாள் காலை அவரே லீவு போட்டு அவளைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனார். தோற்றால் ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமே என்று சொல்லிக்கொண்டார். டெஸ்ட் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றார். உள்ளே கார்கள் ஒவ்வொன்றாக அந்த ஏற்றத்தில் ஏறின. அதுதான் எல்லாரும் நடுங்குகிற இடம். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். அவளுக்கு முன்னால் போன இளம்பையன் ஒருவனின் கார் உருண்டு வந்து, அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். புவனேஸ்வரனுக்கு உள்ளங்கை நனைந்திருந்தது.

நீலாவதியின் கார் ஏறியது. நடுவில் நின்றது. இஞ்சின் உறுமியது. கார் ஒரு இம்மி பின்னால் சாய்ந்த மாதிரி இருந்தது.

"ஹேண்ட் பிரேக்கு!" வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினார் புவனேஸ்வரன். "அவசரப்படாத நீலா! எண்ணெய கொஞ்சம் மிதிச்சுக் குடு! கிளட்ச மெதுவா விடு! உன்னால முடியும்லா!"

அங்கே நின்றிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கார் ஏற்றத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அவர் இன்னும் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அது பயமா சந்தோஷமா என்று பேர் வைக்கத் தெரியவில்லை. இரண்டு மாதமாக இவள் தோற்க வேண்டும் என்று பாடுபட்டுவிட்டு, இப்போது இவள் ஜெயிக்கத் தொண்டையைக் கிழித்துக்கொண்டோமே என்று மட்டும் தெரிந்தது. வெயிலில் நடந்து, இரண்டு பஸ் மாறித் தனியாகப் போனவள் முகமும் அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணுக்குள் வந்தது.

ரோட்டு டெஸ்டையும் முடித்துவிட்டு நீலாவதி கறுப்புக் கண்ணாடியோடு நடந்து வந்தாள்.

"பாஸு."

"தெரியும்லா," என்றார் அவர்.

வீடு திரும்பும் வழியில் அவர் காரை ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்சை விடும் இடமெல்லாம் கவனித்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"அந்தச் சாத்தே, மாடு, லோரி, படபடப்பு... எல்லாம் எலெய்ன் கோர்ஸ்ல சொன்னதுதானே?"

கார் லேசாக வளைந்து நேரானது. "உனக்கு... எப்படி..."

"ரோட்டப் பாருங்க. நீங்க கோர்ஸுக்குப் போறதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம அந்தம்மா தோட்டத்து மண்டபத்துக்கு வந்திருந்தாங்க. பொம்பளைங்களுக்குத் தனியா வகுப்பு. நீங்க மீன் புடிக்கப் போயிருந்தீங்க."

"இதே பாடமா?"

"இதே பாடந்தான். ஆனா நாங்க ஒருத்தரும் தூங்கல."

அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் தூங்குனப்ப அவங்க என்னா சொன்னாங்க?"

"கணக்குப் பாத்துக் குடுக்கிற பரிசுதான் ஆசயக் கெடுக்குமாம். எதிர்பாக்காத நேரத்துல, மனசாரப் பாராட்டுனா ஆச இன்னும் வளருமாம். எப்பப் பாராட்டு வரும்னு தெரியாதவன், வரும் வரும்னு செஞ்சிக்கிட்டே இருப்பானாம்."

புவனேஸ்வரன் ரோட்டைப் பார்த்தார். கத்திரிக்காய்ச் சம்பால், நெத்திலிச் சம்பால், ரெம்பாவ் பசார், பெலாச்சான் எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக ஓடின.

"அப்ப அந்தச் சம்பாலு..."

"அது நெசமாவே நல்லா இருக்குங்க," என்றாள் நீலாவதி. "இன்னிக்கு எறால் போட்டுச் செய்யுங்களேன்."

அவர் செய்தார்.

அடுத்த ஞாயிறு நீலாவதி வாசலில் வந்து நின்றாள். கையில் சாவி. "என்னாங்க, அக்காவப் பாத்துட்டு வந்துரலாமா?" என்று வழக்கம்போலவே கேட்டாள். அவர் பேப்பரை மடித்து வாயைத் திறப்பதற்குள் காரை எடுத்துத் திருப்பி நிறுத்திவிட்டாள். லுக்குட் வரைக்கும் அவர் இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனார். கடை வரிசைக்கு வந்ததும் அவரை இறக்கிவிட்டாள்.

"நீங்க நல்ல மீனாப் பாத்து வாங்கி வைங்க. நான் அக்காவ ஏத்திக்கிட்டு, ரெண்டு பேரும் கடற்கரையில கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துர்றோம். கை கட்டுப் பிரிச்சதுலேருந்து அவ வெளிய வரவே இல்ல."

கொஞ்சம் என்றால் கொஞ்சம் இல்லை. மீன் வாங்கி, ஐஸ் போட்டுக் கட்டி, கடை ஓரத்து நிழலில் பையோடு நின்றார். நிழல் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். அந்தப் பக்கமாக மோட்டாரில் வந்த ஆம்புரோஸ் நிறுத்தினான்.

"என்ன அண்ணே, தனியா நிக்கிறீங்க? காடி எங்க?"

மண்டோர் நெஞ்சை நிமிர்த்தினார். "டிரைவர் வரணும்லா."

"அடேயப்பா! டிரைவர் வச்சிட்டீங்களா?"

"பின்ன? இந்த வயசுல நாமளே ஓட்டிக்கிட்டு இருக்க முடியுமா? நம்ம ஒரு போன் போட்டாப் போதும், வந்து..."

வெள்ளைக் கார் அலுங்காமல் வந்து ஓரமாக நின்றது. சிக்னல் எரிந்தது. முன்சீட்டில் குமுதவல்லி, தங்கையின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புவனேஸ்வரன் முன்கதவின் பிடியில் கை வைத்தார். நீலாவதி கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"பின்னாடி ஏறுங்க. மீன மடியில வச்சிக்கங்க, சீட்டுல தண்ணி சொட்டாம."